சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்

மோட்டார் சைக்கிளுக்கு ஃபோம் வைத்த நீள சீட் பரவலாக வந்து எழுபத்தைந்து வருஷம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய ஐம்பது வருஷமும் ஜனங்கள் தோல்மீதும் கம்பிச்சுருள்மீதும் உட்கார்ந்துதான் தூரம் போனார்கள். சென்னை ஜி.பி. ரோட்டுப் பக்கம் குஷன் வேலை பார்க்கிறவன் நான். ஃபோம் வெட்டித்தான் சாப்பிடுகிறேன். இருந்தாலும் அந்தப் பழைய தோல் சீட் செய்தவர்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள் என்பது என் கட்சி.

பர்மிங்ஹாமில் ஜான் பூல்ட்பி புரூக்ஸ் என்பவர் 1866-இல் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யும் தொழில் தொடங்கினார். சைக்கிள் பெருகியதும் 1882-இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பஞ்சு கிடையாது. கெட்டித் தோலை இரும்புச் சட்டத்தில் முன்னும் பின்னும் இழுத்து ரிவெட் அடித்திருப்பார்கள். நடுப்பகுதி தூளி மாதிரி அந்தரத்தில் நிற்கும். உட்கார உட்கார, அந்த ஆளின் எலும்புக்குத் தகுந்தபடி தோல் குழிந்துகொள்ளும். ஆறு மாதம் ஓட்டியவனின் சீட் அடுத்தவனுக்கு ஒத்துவராது. முதல் மோட்டார் சைக்கிள்கள் எஞ்சின் பூட்டிய சைக்கிள்கள் என்பதால் இதே சீட் அவற்றுக்கும் ஏறியது. 1903-இல் ஜார்ஜ் வைமன் என்பவர் அப்படி ஒரு வண்டியில் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி ஐம்பது நாளில் நியூயார்க் சேர்ந்தார். ரோடு மோசமான இடங்களில் ரயில் தண்டவாளத்துக் கட்டைகள்மீதே ஓட்டிப் போயிருக்கிறார். இடுப்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வலிக்கிறது.

அந்தக் கால வண்டிகளுக்குப் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் இல்லை. சக்கரம் சட்டத்தில் நேரே முறுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அடி முதுகுத்தண்டுக்குத்தான். ஆகவே ஷாக்கின் வேலையையும் சீட்டே செய்தாக வேண்டியிருந்தது. ஹார்லி டேவிட்சன் 1912-இல் ஒரு காரியம் செய்தது: சீட்டைத் தாங்கும் குழாய்க்குள்ளேயே சுருள் ஸ்பிரிங்கை இறக்கியது. சீட் முன்பக்கம் கீலில் ஆட, பின்பக்கம் அந்த ஸ்பிரிங்மேல் மேலும் கீழும் போய்வரும். அவர்களுடைய பெரிய வண்டிக்குப் பின் ஷாக் வந்தது 1958-இல். அதுவரை அமெரிக்க போலீஸ்காரர்கள் நாள் முழுக்க ரோந்து போனதெல்லாம் அந்தக் குழாய் ஸ்பிரிங்கை நம்பித்தான்.

இங்கிலாந்தில் சீட்டுக்கு அடியில் இரண்டு தடித்த ஸ்பிரிங்குகள். லைசெட், டெர்ரி, புரூக்ஸ் மூவரும் அதில் பெயர் வாங்கியவர்கள். ஸ்பிரிங்குக்குப் பேர்போன டெர்ரி கம்பெனி ரெட்டிச் என்ற ஊர். ராயல் என்ஃபீல்டும் அதே ஊர். அந்த ஊரின் பழைய தொழில் தையல் ஊசி; உலகத்துக்கே அங்கிருந்து ஊசி போயிருக்கிறது. என்ஃபீல்டின் மூலக் கம்பெனியான டவுன்செண்டும் 1851-இல் ஊசி செய்யத்தான் ஆரம்பித்தது. புல்லட் சீட்டைக் கோணூசியால் தைத்த எங்கள் அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப நம்ம சாதி ஜனம்தான்” என்றார்.

கதை திரும்பியது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு. பின்சக்கரம் ஒரு கையில் தொங்கி, ஷாக் அப்சார்பரோடு ஏறி இறங்கும் ஏற்பாட்டோடு 1948-இல் புது புல்லட்டை ராயல் என்ஃபீல்டு போட்டிக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் விற்பனைக்கும் வந்தது. 1950-இல் நார்ட்டனின் புதுச் சட்டம் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தை ஜெயித்ததும் இனி எல்லா வண்டியும் இந்த வழிதான் என்று முடிவாகிவிட்டது. சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் சக்கரத்துப் பக்கம் போய்விட்டது. அப்புறம் சீட்டுக்கு என்ன வேலை? இரண்டு பேர் உட்கார வேண்டும், பார்க்க நன்றாக இருக்க வேண்டும். அதற்குச் சாமானும் தயாராக இருந்தது. 1929-லேயே டன்லப் கம்பெனிக்காரர்கள் ரப்பர் பாலை நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, வேகவைத்து மெத்தைக்கு ஃபோம் எடுத்திருந்தார்கள். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937-இல் கண்டுபிடித்த பாலியூரித்தேன், 1950-களில் மெத்து ஃபோமாகி அதைவிட மலிவாக வந்தது. ஒரே தகட்டுத் தட்டு, அதன்மேல் ஃபோம், மேலே ரெக்சின். கடைக்காரன் வேலை சுலபமாயிற்று. ஓட்டுகிறவனின் அளவெடுக்கும் பழக்கம் அன்றைக்குப் போனதுதான்.

நம் ஊருக்கு புல்லட் வந்த கதை தெரிந்ததே. எல்லைக் காவலுக்கு ராணுவம் 350 சிசி வண்டிகள் 800 கேட்டது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்தார்கள்; பிறகு திருவொற்றியூரில் வண்டி பூட்ட ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டும், பின்னால் தனியாக ஒரு சின்ன மெத்தையும் போட்ட வண்டிகள் நிறைய ஓடின. ஜட்கா, ரிக்‌ஷா குஷனில் கை பழகிய அப்பாவிடம் அவைதான் வரும். தேங்காய் நாரைப் பிரித்து உதறித் திணித்து, கோணியால் மூடி, மேலே ரெக்சின் இழுப்பார். பத்து வருஷம் கழித்து அதே ஆட்கள் திரும்பி வந்து கேட்டது டபுள் சீட். மனைவி பின்னால், பெரிய பிள்ளை நடுவில், சின்னது டேங்க்மேல். இந்தியாவில் சீட் நீண்டதற்குக் காரணம் குடும்பம்தான்; அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்களும் அப்படித்தான் மகாபலிபுரம் போனோம்.

ஆனால் ஒரே நாளில் எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் போகிறவனுக்கு அந்த சீட் சத்துரு. “மெத்துமெத்துனு பண்ணிக் குடுங்கண்ணே” என்று கேட்டு வருகிற தம்பிகளிடம் நான் தினமும் சண்டை போடுகிறேன். உட்காரும்போது உடம்பு எடையில் பெரும்பங்கு இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மெத்து ஃபோம் கடையில் அழுத்திப் பார்க்கச் சுகம். ஒரு மணி நேரத்தில் அது நசுங்கி எலும்பு அடித்தட்டில் முட்டும். சுற்றிலும் மிஞ்சிய ஃபோம் தொடையிடுக்கில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மரத்துப்போவது அதனால்தான். 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கடையில் சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. தூரப் பயணத்துக்கு அடியில் தூள் ஃபோமை ஒட்டி அழுத்திய கெட்டி ரீபாண்டட், மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் மெத்து. மெமரி ஃபோம் கேட்கிறார்கள். 1966-இல் நாசாவுக்காக விமான சீட்டுக்குக் கண்டுபிடித்த சாமான் அது. வெயிலில் இளகிவிடும், குளிரில் கல்லாகும். லடாக்கில் காலையில் ஏறி உட்கார்ந்தால் தெரியும்.

அளவெடுக்கும் பழக்கத்தை மறுபடி கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். மைக் கார்பின் என்பவர் தன் நார்ட்டனுக்கு ஒரு சீட் செய்துகொள்ள, பார்த்தவர்கள் கேட்க, 1968-இல் அதையே தொழிலாக்கினார். இதே ஆள் 1974-இல் மின்சார மோட்டார் சைக்கிளில் மணிக்கு 165 மைல் ஓட்டி உலக சாதனையும் வைத்தார். அவருடைய சீட் கல் மாதிரி கெட்டி, கிண்ணம் மாதிரி குழிவு. ரஸ்ஸல் என்ற இன்னொரு கம்பெனி, நீங்கள் வண்டிமேல் உட்கார்ந்திருக்கும் படம், எடை, உயரம் எல்லாம் வாங்கிக்கொண்டு, தொடைக்கு இரண்டு பக்கமும் இறக்கை வைத்துச் செய்து தரும். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், ஓட்டிச் சான்றிதழ் வாங்கும் அயர்ன் பட் கூட்டத்தாரிடம் இந்த இரண்டு பெயரும் அடிக்கடி அடிபடும். குழிவு சீட்டில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு: ஒரே இடத்தில் பூட்டிவிடும். தட்டை சீட்டில் மதியத்துக்கு மேல் நாலு அங்குலம் பின்னால் தள்ளி உட்காரலாம். அந்த நாலு அங்குலம் வரப்பிரசாதம். ஆகையால் நான் குழிவைப் பாதியோடு நிறுத்துவேன்.

2009-இல் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் வண்டியோடு ஸ்பிரிங் சீட் நம் ரோட்டுக்குத் திரும்பி வந்தது. கண்ணுக்கு அழகு. பின் ஷாக் இருக்கிற வண்டியில் அதற்கு வேலை கொஞ்சம்தான். ஒற்றை ஆள் சீட் என்ற வழக்கம் திரும்பியதுதான் லாபம்.

ஆள் வந்தால் நான் செய்வது இது. மரப்பலகை ஸ்டூலில் டிவி பெட்டி அட்டை ஒரு துண்டைப் போட்டு, முட்டியைத் தூக்கி இரண்டு நிமிஷம் உட்காரச் சொல்வேன். எழுந்தால் அட்டையில் இரண்டு குழி தெரியும். அந்தக் குழிகளுக்கு நடுவில் உள்ள தூரம்தான் சீட்டின் கணக்கு. அப்புறம் வண்டிமேல் ஏற்றி இரண்டு காலையும் ஊன்றச் சொல்வேன். முன் மூக்கு அகலமாக இருந்தால் கால் எட்டாது. கம்பெனி சீட் பெரும்பாலும் டேங்க் பக்கம் சரிந்திருக்கும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆள் முன்னால் வழுக்குவான். அங்கே ஆப்பு மாதிரி ஒரு துண்டு ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து ஃபோமைச் சீவினால் வழவழப்பாக வரும். எலும்பு இறங்கும் இடத்தில் தையல் வரவே கூடாது. தையல் துளை வழியாக மழைத்தண்ணீர் போகும் என்பதால் ரெக்சினுக்கு அடியில் பாலித்தீன் ஒரு சுற்று. மேலுறையை உடனே அடிக்க மாட்டேன். பழைய துணியைச் சுற்றிக் கட்டி, செங்கல்பட்டு வரை ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். வலிக்கிற இடத்தைச் சாக்பீஸால் காட்டினால் அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் சீவுவேன்.

சில வருஷமாகக் காற்று அறைகள் வைத்த ரப்பர் குஷனை சீட்டுக்குமேல் கட்டிக்கொண்டு வருகிறார்கள். சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க 1970-களில் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. அறைகளுக்குள் காற்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து அழுத்தத்தைப் பங்கு போடும். நல்ல சாமான், என் பிழைப்புக்குப் போட்டி என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். வாங்கியவர்கள் எல்லாரும் அதைப் பந்து மாதிரி ஊதிவிட்டு, வண்டி தள்ளாடுகிறது என்று குறை சொல்கிறார்கள். ஏறி உட்கார்ந்தபடியே வால்வைத் திறந்து, சீட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் அரை அங்குலம் மட்டும் மிஞ்சும் வரை காற்றை இறக்க வேண்டும். வருகிறவர்களுக்கு இதைச் சும்மாவே செய்து கொடுக்கிறேன். சீட்டையும் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்வதுண்டு.