ரிலே, சென்சார் பழுதறிதல் (பழைய கார்கள்)

காரின் மின்சுற்றிலும் இயந்திரக் கட்டுப்பாட்டிலும் உள்ள கோளாற்றைப் படிப்படியாகச் சோதித்துக் கண்டறியும் முறை. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1993இல் வந்த புரோட்டோன் வீரா போன்ற மலேசியக் கார்களைப் பராமரிப்போர் அறிந்திருக்க வேண்டியது.

சூழல்: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. 2006 டிசம்பர், 2007 ஜனவரி மாதங்களில் அங்குள்ள சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளநீர் புகுந்த இணைப்பிகளில் பச்சை நிறக் களிம்பு படிந்து மின்னோட்டம் தடைப்படும்.

ரிலே: சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்காந்தச் சுவிட்ச். பல ரிலேக்களில் 85, 86 என்பவை சுருளின் முனைகள். 30, 87 என்பவை தொடுமுனைகள். சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' ஒலி கேட்க வேண்டும். ஒலி கேட்டும் 30, 87 இடையே மின்தொடர்ச்சி இல்லையெனில் தொடுமுனை கருகியிருக்கலாம். வண்டி சூடானபின் நின்று, ஆறியதும் கிளம்பினால், ரிலேக்குள் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சென்சார்: குளிர்நீர் வெப்பச் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும், பல வண்டிகளில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம். கிராங்க் கோணச் சென்சார் செயலிழந்தால் தீப்பொறியும் எரிபொருள் தெளிப்பும் நின்றுவிடும்.

வரிசை: பேட்டரி, பியூஸ், எர்த் இணைப்பு ஆகியவற்றை முதலில் சோதித்த பிறகே உதிரிப்பாகத்தை மாற்றுவது முறை.