கைப்பக்குவம் அளவான கதை: பேக்கிங் நூல்களின் வரலாறு

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் கேக், ரொட்டி, பிஸ்கட் செய்முறை நூல்கள் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் வெளிவருகின்றன. செப்டம்பரில் தொடங்கும் இந்த வரத்து, கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிப்பதற்குள் கடை அலமாரிகளை நிறைத்துவிடும். இதற்கான காரணத்தில் பாதி அடுக்களையிலும் பாதி புத்தகக் கடையிலும் இருக்கிறது. ஆப்பிளும் பேரிக்காயும் பரங்கியும் கொட்டைகளும் வீட்டுக்கு வரும் பருவம் அது. குளிர் தொடங்கியபின் ஓவனை மூட்டினால் வீடும் கதகதப்பாகும். அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் திருநாள். அன்றைய விருந்தில் பரங்கிக்காய் பை இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் கேக்கைப் பல வாரங்களுக்கு முன்பே சுட்டு, பிராந்தி ஊற்றி ஊற்றிப் பக்குவப்படுத்துவார்கள். ஜெர்மானிய வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களும் பிஸ்கட் சுடும் வாரங்கள். அதே வாரங்களில்தான் புத்தகம் பரிசுப் பொருளாகவும் விலைபோகிறது.

பேக்கிங் நூலுக்கு மற்றச் சமையல் நூல்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பு உண்டு. குழம்பில் உப்புக் குறைந்தால் பாதியில் சேர்க்கலாம். புளி மிஞ்சினால் சிறிது வெல்லம் போட்டுச் சரிக்கட்டலாம். கேக்கில் அதற்கு வழியில்லை. மாவைக் கலந்து, தட்டில் ஊற்றி, அடுப்புக் கதவை மூடியதும் சமைப்பவரின் கை அங்கிருந்து விலகிவிடுகிறது. அதற்குமுன் செய்த பிழை அரைமணி நேரம் கழித்தே கண்ணுக்குத் தெரியும். ஆகவே, அருகில் நின்று சொல்லித்தர ஆளில்லாத வாசகருக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த நூல்களை எழுதியவர்கள் பட்ட பாடெல்லாம் இதற்காகத்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில் அந்த உறுதி மிகக் குறைவு. 1747-இல் லண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூல் அக்காலத்தில் வீடுதோறும் புழங்கியது. அதில் வரும் பவுண்டு கேக்கின் கணக்கு நினைவில் வைக்க எளிது: மாவு, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு, அதற்கேற்ற முட்டை. கேக்கை உப்பவைக்க வேறு பொருள் கிடையாது. கலவைக்குள் காற்றைப் புகுத்துவது கைதான். அதனால் ஒரு மணிநேரம் விடாமல் அடிக்கச் சொல்கிறது நூல். அந்த ஒரு மணிநேரம் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் தோள்வலியாகவே கழிந்திருக்கும். அடுப்பின் சூட்டை அளக்கவும் கருவியில்லை. விறகை எரித்துக் கல்லடுப்பைச் சூடேற்றி, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, உள்ளே கையை நீட்டி எத்தனை நொடி தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ஒரு துண்டுக் காகிதத்தையோ ஒரு பிடி மாவையோ போட்டு, அது எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று கணிப்பதும் உண்டு. நூல்களில் 'மெதுவான அடுப்பு', 'மிதமான அடுப்பு', 'விரைவான அடுப்பு' என்ற மூன்று சொற்களே சூட்டுக்கு அடையாளம். பல்லாண்டு அதே அடுப்பின் முன் நின்றவருக்கு அவை போதும். புதிதாக வீடு அமைத்தவருக்கு அவற்றால் பயன் சிறிது.

முதல் பெரிய மாற்றம் மரச்சாம்பலிலிருந்து வந்தது. குடியேறிகள் வட அமெரிக்கக் காடுகளை அழித்து நிலமாக்கியபோது, எரித்த மரங்களின் சாம்பல் மலையாகக் குவிந்தது. சாம்பலை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். அதை மேலும் சுட்டு வெண்மையாக்கினால் பேர்ல் ஆஷ். சோப்புக்கும் கண்ணாடிக்கும் தேவைப்பட்ட இந்தச் சரக்கு அன்று எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று போதும்: 1790 ஜூலை 31 அன்று அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே, இதைத் தயாரிக்கும் முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸுக்குக் கிடைத்ததுதான். புளித்த மோர் போன்ற புளிப்புப் பொருளோடு பேர்ல் ஆஷ் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும். மாவு சில நிமிடங்களில் உப்பும். ஒரு மணிநேரம் அடிக்க வேண்டிய வேலையை ஒரு சிட்டிகைப் பொடி பார்த்துவிட்டது.

இதை அச்சில் பதித்த நூல், 1796-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் வெளிவந்த 'அமெரிக்கன் குக்கரி'. ஐம்பது பக்கத்துக்கும் குறைவான சிறு நூல். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டில் அச்சான முதல் சமையல் நூலாக இதைக் கருதுகிறார்கள். பரங்கிக்காய்ப் பதார்த்தமும், டச்சுக்காரர் வாய்மொழியிலிருந்து வந்த 'குக்கி' என்ற சொல்லும் இதில் இடம்பெற்றன. எழுதிய அமீலியா சிம்மன்ஸ் முகப்பில் தம்மை ஓர் அநாதை என்று மட்டுமே அறிமுகப்படுத்திக்கொண்டார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. நூலோடு சேர்த்த ஒரு பிழைதிருத்தக் குறிப்பு உருக்கமானது. அச்சுக்கு ஏற்றபடி எழுதும் அளவு தமக்குப் படிப்பில்லை என்றும், அந்த வேலைக்கு அமர்த்தியவர் தமக்குத் தெரியாமல் சில பொருள்களை விட்டுவிட்டு வேறு சிலவற்றைச் சேர்த்து, செய்முறைகளைக் கெடுத்துவிட்டார் என்றும் அதில் முறையிடுகிறார். தம் பெயரில் போன தவறான அளவு யாரோ ஒருவர் வீட்டில் கேக்கைப் பாழாக்கும் என்ற கவலை அந்தக் குறிப்பில் இருக்கிறது. பேக்கிங் நூலாசிரியருக்கு இருக்கவேண்டிய மனச்சாட்சி அதுதான்.

பேர்ல் ஆஷுக்குப் பின் சமையல் சோடா வந்தது; 1846-இல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் நியூயார்க்கில் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ரொட்டி செய்வதற்காக பேர்ட் 1843-இல் ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். ஹார்வர்டு பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபர்ட், எலும்பிலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட்டைப் புளிப்புப் பொருளாகப் பயன்படுத்தும் முறைக்கு 1856-இல் காப்புரிமை பெற்றார். இந்தப் பொடிகள் வேலையைக் குறைத்தன. கூடவே ஒரு கண்டிப்பையும் கொண்டுவந்தன. ஈஸ்ட் கூடக்குறைய இருந்தால் நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். பேக்கிங் பவுடர் அரைக் கரண்டி மிஞ்சினால் கேக் விறுவிறுவென எழும்பி நடுவில் அமுங்கிவிடும். சோடா மிஞ்சினால் வாயில் சோப்புச் சுவை தட்டும். கண்ணளவு செல்லாத பொருள் அடுக்களைக்குள் வந்த பிறகு, அளவைத் துல்லியமாகச் சொல்லும் நூலும் வந்தே தீரவேண்டியிருந்தது.

அந்தத் துல்லியத்துக்கு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் எலைசா ஆக்டன். கவிதை எழுதிக்கொண்டிருந்த அவர், 1845-இல் வெளியிட்ட சமையல் நூலில் ஒவ்வொரு செய்முறையின் முடிவிலும் பொருள்களின் அளவையும் ஆகும் நேரத்தையும் தனியே திரட்டித் தந்தார். இன்று எல்லாச் செய்முறைகளுக்கும் தலையில் நிற்கும் பட்டியலின் மூலம் அதுதான். பட்டியலை மேலே ஏற்றிய இசபெல்லா பீட்டனின் 1861-ஆம் ஆண்டு நூல், முதல் ஆண்டிலேயே 60,000 படிகள் விற்றது. புகழ் பீட்டனுக்குப் போனாலும் உழைப்பின் மூலவர் ஆக்டன் என்று சொல்வதே நியாயம். 1857-இல் ஆக்டன் ரொட்டிக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். அப்போது லண்டன் ரொட்டிக் கடைகளில் மாவை வெளுப்பாகக் காட்டப் படிகாரம் கலப்பது பரவியிருந்தது. ஆர்தர் ஹில் ஹசல் என்ற மருத்துவர் உணவுகளைச் சோதித்து இத்தகைய கலப்படங்களை 'லான்செட்' இதழில் அம்பலப்படுத்தியிருந்தார். வீட்டிலேயே ரொட்டி சுடக் கற்றுக்கொள்வது ஏழைக் குடும்பங்களின் உடல்நலத்துக்கான தற்காப்பு என்று ஆக்டன் கருதினார்.

அமெரிக்காவில் இதே காலத்தில் கறுப்பினப் பெண்கள் எழுதிய நூல்கள் நீண்டநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. டென்னசியில் சுதந்திரப் பிரஜையாகப் பிறந்து அங்கே பேஸ்ட்ரிக் கடை நடத்திய மலிண்டா ரஸல், உள்நாட்டுப் போரின்போது கொள்ளையரிடம் பொருளைப் பறிகொடுத்து மிச்சிகனுக்கு வந்தவர். ஊர் திரும்பப் பணம் சேர்ப்பதற்காக 1866-இல் தம் நூலை அச்சிட்டார். அதில் பெரும்பகுதி கேக்கும் இனிப்பும்தான். செய்முறைகள் ஓரிரு வரியில் முடிந்துவிடுகின்றன. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவருக்குச் சொல்வது போன்ற நடை. அடிமைத்தனத்திலிருந்து மீண்ட அபி ஃபிஷர் 1881-இல் சான் பிரான்சிஸ்கோவில் நூல் வெளியிட்டபோது, அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். கையில் மட்டுமே இருந்த பக்குவம் நேரடியாக அச்சுக்கு ஏறியது அங்கேதான்.

அளவுப் பிரச்சினையை நேருக்கு நேர் சந்தித்தவர் பாஸ்டனின் ஃபேனி ஃபார்மர். 1857-இல் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் பக்கவாதம் தாக்கி, பல ஆண்டுகள் வீட்டோடு கிடந்து, கடைசிவரை காலை இழுத்தே நடந்தார். முப்பது வயதையொட்டி பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து, பிறகு அதன் தலைவியானார். அதுவரை செய்முறைகளில் 'தேநீர்க் கோப்பை அளவு', 'முட்டையளவு வெண்ணெய்', 'கரண்டி குவிய' என்றெல்லாம் எழுதுவது வழக்கம். ஒரு வீட்டுக் கோப்பை இன்னொரு வீட்டுக் கோப்பைக்கு ஈடாகாது. அரை பைன்ட் கொள்ளும் அளவுக் கோப்பையில் மாவை நிரப்பி, கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துச் சமப்படுத்த வேண்டும் என்பதை அவர் விதியாக்கினார். 1896-இல் அவருடைய 'பாஸ்டன் குக்கிங்-ஸ்கூல் குக் புக்' வெளிவந்தது. விற்குமா என்று தயங்கிய லிட்டில், பிரவுன் பதிப்பகம் முதல் 3,000 படிகளின் செலவை ஆசிரியர் தலையிலேயே கட்டியது. நூல் பதிப்புக்குமேல் பதிப்பாகப் போனது; உரிமையைத் தம்மிடமே வைத்திருந்ததால் பலனும் அவருக்கே சேர்ந்தது. அமெரிக்க வீடுகளில் தராசு இன்றுவரை அரிதாக இருப்பதற்கும் கோப்பைக் கணக்கு நிலைத்ததற்கும் இந்த நூலின் செல்வாக்கு ஒரு பெரிய காரணம். வழித்த கோப்பையிலும் ஒரு குறை தங்கிவிட்டது. மாவைக் கரண்டியால் தளர்வாக இட்டு நிரப்பினால் ஒரு கோப்பை 120 கிராம் அளவில் நிற்கும். கோப்பையையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராமை எட்டும். அந்த 30 கிராமில் மெத்தென்ற கேக் வறண்ட கேக்காகிவிடும்.

இதே பத்தாண்டில் ஜெர்மனியில் வேறொரு வழி பிறந்தது. 1891-இல் பீலஃபெல்ட் நகரில் மருந்துக் கடை ஒன்றை வாங்கிய ஆகஸ்ட் ஓட்கர், பேக்கிங் பவுடரை அரைக் கிலோ மாவுக்குச் சரியாக இருக்கும்படி சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பத்து ஃபெனிக் விலைக்கு விற்றார். பொட்டலத்தின் பின்புறம் செய்முறை அச்சிடப்பட்டது. அளக்கும் வேலையையே வாசகரிடமிருந்து எடுத்துக்கொண்ட யோசனை அது. அதன்பின் மாவு, பவுடர் நிறுவனங்களே பெரும் பதிப்பகங்களாயின. இங்கிலாந்தின் வடபகுதியில் பீ-ரோ மாவுக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகம் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறியது. அமெரிக்காவில் 1921-இல் ஒரு மாவு நிறுவனம், வாசகியர் கடிதங்களுக்குப் பதில் எழுத 'பெட்டி கிராக்கர்' என்றொரு கற்பனைப் பெண்மணியைப் படைத்தது. அவர் பெயரில் 1950-இல் வந்த படநூல் அந்நாட்டு வீடுகளில் பெரும் எண்ணிக்கையில் இடம்பிடித்தது.

சூட்டுக்கும் இதற்குள் எண் கிடைத்திருந்தது. 1923-இல் பிரிட்டனில் 'ரெகுலோ' என்ற வெப்பக் கட்டுப்பாட்டோடு எரிவாயு அடுப்பு விற்பனைக்கு வந்தது. அதன் திருகில் இருந்த எண்களே நூல்களில் 'கேஸ் மார்க்' என்று வழங்கலாயின. 'மிதமான அடுப்பு' என்ற பழைய சொல் மெல்ல மறைந்தது.

போரும் பங்கீடும் பிரிட்டிஷ் அடுக்களையை நெடுநாள் சுருக்கிவைத்தன. சர்க்கரைப் பங்கீடு 1953-இல்தான் முடிந்தது. 1961-இல், மாவை இயந்திரத்தால் வேகமாகப் பிசையும் சோர்லிவுட் முறை வந்து ஆலை ரொட்டி மலிந்தபின், வீட்டு ரொட்டி அருகிப்போனது. அந்த இழப்பைக் கண்டு எலிசபெத் டேவிட் 1977-இல் எழுதிய 'இங்கிலிஷ் பிரெட் அண்ட் ஈஸ்ட் குக்கரி', தானியம், ஆலை, அடுப்பு என்று ஒவ்வொன்றின் பழமையையும் தோண்டியெடுத்த ஆய்வு நூல். ஆக்டனின் ரொட்டி நூலுக்கு உரிய மரியாதையையும் மீட்டுத் தந்தது. அமெரிக்காவில் ரோஸ் லெவி பெரன்பாம் 1988-இல் வெளியிட்ட 'தி கேக் பைபிள்', கோப்பைக் கணக்கோடு எடைக் கணக்கையும் சேர்த்துத் தந்து, ஃபார்மரின் கோப்பையில் தங்கியிருந்த குறைக்கு மருந்து கொடுத்தது.

2010 ஆகஸ்ட் 17 அன்று பிபிசியில் தொடங்கிய 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' போட்டி, பேக்கிங்கை நாட்டுமக்களின் வாராந்தரப் பேச்சாக்கியது. அதில் வென்றவர்களும் நடுவர்களும் எழுதும் நூல்கள் ஆண்டுதோறும் இலையுதிர்கால வரிசையில் சேர்ந்தன. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ ரொட்டிக் கலைஞர் சாட் ராபர்ட்சனின் 'டார்டின் பிரெட்', ஈஸ்ட் வாங்காமல் மாவைத் தானே புளிக்கவிடும் பழைய முறையைப் பக்கம் பக்கமாகப் படத்தோடு விளக்கியது. 2020-இல் ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தவர்கள் இத்தகைய நூல்களைக் கையில் எடுத்தபோது, பல நாடுகளில் கடைகளில் மாவுக்கே தட்டுப்பாடு வந்தது.

இன்று அச்சாகும் பிரிட்டிஷ் நூல்களில் பெரும்பாலானவை ஒரே வரியில் மூன்று சூட்டைச் சொல்கின்றன: சாதாரண ஓவனுக்கு 180 டிகிரி, விசிறி ஓவனுக்கு 160, எரிவாயு அடுப்புக்கு மார்க் 4. அமெரிக்க நூல்களில் கோப்பைக்குப் பக்கத்திலேயே கிராமும் நிற்பது கூடிவருகிறது.