முகாம் என்னும் சொல்லும் ஜெனெட்டின் கோடைகளும்

தமிழ்ப் பொதுவழக்கில் 'மாற்றுத்திறனாளிகள் முகாம்' என்ற தொடருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அரசு மருத்துவமனையிலோ பந்தல் போடப்படும். மருத்துவர் குழு ஊனத்தின் விழுக்காட்டைக் கணக்கிடும். அடையாள அட்டையும் மூன்று சக்கர வண்டியும் செவித்துணைக் கருவியும் வழங்கப்படும். மாலைக்குள் பந்தல் பிரிக்கப்பட்டுவிடும். அரபு மொழியில் நிற்றலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, தங்கும் இடம் என்ற பொருளோடு இந்திய மொழிகளுக்கு வந்த சொல் 'முகாம்'. ஆனால் இந்த முகாமில் எவரும் தங்குவதில்லை. வரிசையில் நிற்கிறார்கள், அளக்கப்படுகிறார்கள், பெற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சேவையின் தேவையை எவரும் மறுக்க இயலாது. எனினும் அச்சொல்லின் மூலப் பொருளுக்கு, அதாவது வீட்டைவிட்டு வெளியேறி, திறந்தவெளியில், சிலரோடு சில நாள் சேர்ந்து தங்குதல் என்பதற்கு, மாற்றுத்திறன் இளைஞர்களைப் பொறுத்தவரை தனியான ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிக முக்கியமான அத்தியாயம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைப்பகுதியில் நிகழ்ந்தது.

அமெரிக்கக் கோடை முகாம் மரபின் தொடக்கமாக, கனெக்டிகட்டில் ஆசிரியர் பிரெடரிக் வில்லியம் கன் 1861இல் தம் மாணவர்களை வெளியில் கூடாரமிட்டுத் தங்கவைத்த நிகழ்வு பொதுவாகச் சுட்டப்படுகிறது. வறியோருக்கான கிளை 1877இல் தோன்றியது. பென்சில்வேனியாவின் ஷெர்மன் என்னும் சிற்றூரில் போதகராக இருந்த வில்லர்ட் பார்சன்ஸ், நியூயார்க் நகரின் நெரிசல் குடியிருப்புகளில் வாழ்ந்த குழந்தைகளைச் சில நாள் தம் வீடுகளில் வைத்துக்கொள்ளுமாறு சபையினரைக் கேட்டுக்கொண்டார். 'தூய காற்று நிதி' என்று பின்னர் அறியப்பட்ட அறப்பணி இவ்வாறு பிறந்தது. இம்முயற்சிகளின் நல்லெண்ணம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் அவற்றின் அமைப்பில் ஒரு நிலையான இலக்கணம் இருந்தது: கொடுப்பவர் எழுவாய், குழந்தை செயப்படுபொருள். யார் போக வேண்டும், எங்கே தங்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பவற்றைப் பெரியவர்கள் முடிவுசெய்தனர். குழந்தை உடல் தேறித் திரும்புவதே வெற்றியின் அளவுகோலாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த மரபு மாற்றுத்திறன் குழந்தைகளை நோக்கி விரிந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. இளம்பிள்ளை வாதம் அமெரிக்காவில் உச்சத்தைத் தொட்ட 1952இல் மட்டும் 57,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். உயிர்பிழைத்தவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ தேவைப்பட்டது. அவர்களை ஏற்கும் கடமை பள்ளிகளுக்கு இல்லை. 1975இல் கல்விச் சட்டம் இயற்றியபோது, மாற்றுத்திறன் குழந்தைகளில் 10 இலட்சம் பேர் பொதுப்பள்ளிகளிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டிருப்பதாக அமெரிக்க நாடாளுமன்றமே பதிவுசெய்தது. 1947இல் பிறந்து, ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதத்திற்கு ஆளான ஜூடித் ஹியூமன் ஐந்து வயதில் பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, சக்கர நாற்காலி தீ விபத்துக் காலத்தில் ஆபத்து என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்டார். அதன்பின் ஆசிரியர் ஒருவர் வாரத்திற்கு இரண்டரை மணி நேரம் வீட்டுக்கு வந்து கற்பித்ததே அவருக்குக் கிடைத்த கல்வி. ஒன்பதாம் வயதில்தான் சிறப்பு வகுப்பொன்றில் இடம் கிடைத்தது. ஏறத்தாழ அதே வயதில் அவருக்கு இன்னொரு வாசலும் திறந்தது. அது ஜெனெட் முகாம்.

ஜெனெட் முகாம் 1951இல், மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர்களால், ஹண்டர் என்ற ஊரில் தொடங்கப்பட்டது. இதே காலப்பகுதியில் வேறொரு பாதையும் உருவாகிக்கொண்டிருந்தது. 1962இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் மேரிலாந்திலிருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்காகக் கோடை முகாம் நடத்தினார். பள்ளி, கல்லூரி வயதுத் தன்னார்வலர்கள் அவர்களோடு இணைந்து விளையாடினர். 1968இல் சிகாகோவில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக் போட்டிகளுக்கு அம்முகாமே வித்தாக அமைந்தது. இக்குழந்தைகளால் இது முடியாது என்ற பொதுக்கருத்தை ஷ்ரைவரின் முகாம் உடைத்தது. ஜெனெட் உடைத்தது வேறொன்று: இவர்களுக்கு எது வேண்டும் என்பதைப் பிறர்தாம் சொல்ல வேண்டும் என்ற கருத்து.

அந்த மாற்றம் 1960களின் பிற்பகுதியில், லாரி அலிசன் இயக்குநராக இருந்த ஆண்டுகளில் தெளிவாகப் புலப்பட்டது. வியட்நாம் போர் எதிர்ப்பும் குடியுரிமைப் போராட்டமும் உருவாக்கிய தலைமுறையைச் சேர்ந்த இளைஞர்கள் அங்கு உதவியாளர்களாக வந்தனர். முறையான பயிற்சி பெற்றவர்கள் அவர்களுள் குறைவு. கட்டடங்களும் எளியவை; இன்றைய அணுகல்தன்மை விதிகளைக் கொண்டு மதிப்பிட்டால் ஜெனெட் பல இடங்களில் தவறியிருக்கும். ஆயினும் அங்கு நீச்சல் இருந்தது, அடிபந்தாட்டம் இருந்தது, இசை இருந்தது, காதலும் இருந்தது. ஆடை மாற்றவும் உண்ணவும் பிறர் உதவி தேவைப்படுவது அங்கே இயல்பு நிலை. அதற்காக எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டில் அன்பாகவும் பள்ளியில் தடையாகவும் தோன்றிய ஒன்று, முகாமில் அன்றாட வேலைப் பங்கீடாக மாறியது.

மக்கள் காணொளி அரங்கம் என்ற குழு 1971இல் இம்முகாமைப் படம்பிடித்தது. முகாமின் முன்னாள் உறுப்பினர் ஜேம்ஸ் லெப்ரெக்ட்டும் நிக்கோல் நியூன்ஹமும் இயக்கி 2020இல் வெளிவந்த 'கிரிப் கேம்ப்' ஆவணப்படத்தில் அப்பதிவுகள் இடம்பெறுகின்றன. முடவரை இழிவாகச் சுட்டிய ஆங்கிலச் சொல்லின் குறுக்கத்தை மாற்றுத்திறனாளிகளே உரிமையோடு எடுத்துக்கொண்டதன் சான்றாகவும் அத்தலைப்பு அமைகிறது. உரையாடலை ஆய்வோருக்கு அப்பதிவின் இரண்டு காட்சிகள் முக்கியமானவை. ஒன்றில், வட்டமாக அமர்ந்த இளைஞர்கள் பெற்றோரின் அளவுமீறிய பாதுகாப்பைப் பற்றியும் தனிமைக்கான உரிமையைப் பற்றியும் பேசுகின்றனர். புதியவர் காதுக்கு எளிதில் பிடிபடாத பேச்சுடைய ஒரு பெண் நெடுநேரம் பேசுகிறார். எவரும் இடைமறிக்கவில்லை; அவருடைய வாக்கியத்தை முடித்துவைக்க எவரும் முந்தவில்லை. அவர் முடித்தபின், அவர் பேச்சுக்குப் பழகிய மற்றொருவர் அதை மற்றவர்களுக்கு எடுத்துரைக்கிறார். இன்னொரு காட்சியில், அப்போது உதவியாளராக இருந்த ஹியூமன், என்ன சமைப்பது என்ற கேள்வியை முன்வைத்து ஒவ்வொருவர் கருத்தையும் கேட்டுக்கொண்டே போகிறார். முடிவு எட்டப்பட நேரமாகிறது. அந்த நேரம் வீண் என்று அங்கு கருதப்படவில்லை.

அணுகல்தன்மை என்றால் சாய்தளமும் அகன்ற கதவும் என்றே பெரும்பாலும் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவர் பேசி முடிக்கத் தேவையான நேரத்தைக் கூட்டம் அவருக்கு வழங்குவதும் அணுகல்தன்மையே. ஜெனெட்டில் சாய்தளத்தில் குறை இருந்திருக்கலாம்; நேரத்தில் குறை இல்லை.

அந்த நேரத்தில் நிகழ்ந்தது ஒப்பீடு. வீட்டில் தனித்திருக்கும்வரை ஒவ்வொருவரும் தம் நிலையைத் தம் உடலின் விளைவு என்றே எண்ண முடியும். வெவ்வேறு உடல்நிலை கொண்ட பலரும் ஒரே வகைப் பள்ளி மறுப்பையும், ஒரே வகைப் படிக்கட்டையும், ஒரே வகைப் பரிவையும் சந்தித்திருக்கிறார்கள் என்பது தெரியவரும்போது, காரணம் உடலுக்கு வெளியே இருப்பது புலனாகிறது. பிரிட்டனில் உடற்குறையுற்றோர் ஒன்றியம் இக்கருத்தைக் கொள்கையாக 1976இல் வெளியிட்டது. மைக் ஆலிவர் 1983இல் அதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயரிட்டார். பெயர் வருவதற்கு முன்பே அந்தப் புரிதல் கேட்ஸ்கில் மலைகளில் இரவு நேரப் பேச்சாக இருந்தது.

பேச்சு செயலாவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் தீ விபத்தின்போது மாணவர்களை வெளியேற்ற முடியாது என்று கூறி ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்டபோது, ஹியூமன் 1970இல் நியூயார்க் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்து வேலையைப் பெற்றார். அதே ஆண்டு 'செயலில் மாற்றுத்திறனாளிகள்' என்ற அமைப்பும் தோன்றியது. 1973இல் நிறைவேறிய மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவு, கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் எந்தத் திட்டமும் மாற்றுத்திறன் காரணமாக ஒருவரை விலக்கக் கூடாது என்றது. ஆனால் நடைமுறை விதிகளில் கையெழுத்திடாமல் அரசு காலம் கடத்தியது. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் போராட்டம் தொடங்கியது. மற்ற இடங்களில் அது விரைவில் முடிந்துவிட, சான்பிரான்சிஸ்கோ கூட்டாட்சி அலுவலகக் கட்டடத்தில் ஏறத்தாழ 150 பேர் மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தங்கினர். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார்.

அந்தக் கட்டடம் உண்மையில் ஒரு முகாமாகவே மாறியிருந்தது. ஜெனெட்டிலிருந்து பெர்க்லிக்குக் குடிபெயர்ந்த பலர் உள்ளே இருந்தனர். படுக்கையில் புரட்டிவிடுவது, குளிப்பிப்பது, மருந்து கொடுப்பது ஆகியவற்றை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டனர். தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, செவித்திறனற்றோர் சன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியே செய்தி அனுப்பினர். கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் உணவு கொண்டுவந்தனர். கூட்டங்கள் இரவில் நெடுநேரம் நீண்டன. அனைவரும் பேசி முடிக்கும்வரை முடிவெடுக்காத பழக்கம் அங்கும் தொடர்ந்தது.

இவ்வெற்றிக்கு ஒரு கோடை முகாமை மட்டும் காரணமாக்குவது வரலாற்றுப் பிழையாகும். எட் ராபர்ட்ஸ் முதலானோர் 1972இல் பெர்க்லியில் உருவாக்கிய சுதந்திர வாழ்வு மையம், கிட்டி கோன் போன்றோரின் அமைப்புத் திறன், கறுப்பின இயக்கத்தின் தோழமை ஆகியவற்றை நீக்கிவிட்டால் 1977ஐ விளக்க முடியாது. ஜெனெட் தந்தது அவற்றினும் எளியது. ஒருவரையொருவர் முன்பே அறிந்த, சேர்ந்து தங்கப் பழகிய, தம்மைப் பற்றித் தாமே முடிவெடுத்துப் பார்த்த சிலரை அது தந்தது. நிதி நெருக்கடியால் அம்முகாம் மூடப்பட்டதும் அதே 1977இல்தான். 1980இல் வேறோர் இடத்தில் மீண்டும் தொடங்கி, 2009வரை நடந்தது.

இதில் ஒரு முரணும் உண்டு. பிரித்துவைத்தலுக்கு எதிரான இயக்கம், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனியாக அமைந்த ஓர் இடத்தில் வலுப்பெற்றது. பிறர் ஒதுக்கிவைக்கும் தனிமையும், தாமாகக் கூடும் தனியிடமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கலாம். முன்னதில் பேச்சு அடங்குகிறது, பின்னதில் தொடங்குகிறது.

இந்தியச் சூழலில் இவ்வரலாற்றுக்கு நேரடியான பொருத்தம் இருக்கிறது. 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆவது பிரிவில் பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் சமமாகப் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. சாரணியம், நடனம், ஓவிய வகுப்பு ஆகியவற்றோடு வெளிப்புற முகாம்களையும் சாகசச் செயல்களையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென அருங்காட்சியகம் அமைப்பதையும் அதே பிரிவே கூறுகிறது. இடஒதுக்கீடு பற்றிய பிரிவுகள் பெற்ற கவனத்தில் சிறு பங்கைக்கூட இப்பிரிவு பெறவில்லை.

இங்கே கல்விப்புலத்தின் பொறுப்பும் கேள்விக்கு உள்ளாகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் கல்லூரி மாணவர் பலருக்கு முதல் வெளியூர்த் தங்கல். துறைச் சுற்றுலாவும் களப்பணியும் அத்தகையனவே. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு அங்கே கழிப்பறை உண்டா என்பது முதல் கேள்வி. அதற்கே பல வளாகங்கள் இன்னும் விடை தேட வேண்டியிருக்கும். அந்த மாணவி முகாமின் பயனாளியாக வருகிறாரா, அதைத் திட்டமிடும் குழுவில் ஒருவராக வருகிறாரா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கான விடையைப் பொறியாளர் தரலாம். இரண்டாவதற்கான விடை, அவர் பேசி முடிக்கும்வரை கூட்டம் காத்திருக்குமா என்பதைப் பொறுத்தது.