நிகாஹ்வும் பதிவேடும்



"நிகாஹ் முடிந்துவிட்டதே மௌலவி, காவினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு நமது மஹல்லாக்களில் அடிக்கடி காதில் விழுகின்றது. மணமகளின் சம்மதம், வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் ஆகியன அமைந்துவிட்டால் நிகாஹ் நிறைவேறிவிடும் என்பது உண்மையே. அதை ஹலாலாக்குவது மார்க்கம், அரசாங்கமன்று. அவ்வாறாயின் பதிவேடு எதற்கு? சற்று வரலாற்றைப் பாருங்கள்.

ஒல்லாந்தர் 1770ஆம் ஆண்டில் பத்தாவியாவிலிருந்து முஸ்லிம்களுக்கான சட்டத் தொகுப்பொன்றை இங்கு கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் அதனை நமது தலைவர்களின் இணக்கத்தோடு திருத்தி, 1806 ஆகஸ்ட் 5இல் முகம்மதியர் சட்டக்கோவையாகப் பிரகடனம் செய்தனர். (அதில் ஃபிக்ஹோடு கைக்கூலி போன்ற ஊர் வழக்கங்களும் கலந்திருந்தன.) கொழும்பு மாகாணத்துக்கென வந்த அது 1852இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. 1886இல் விவாகப் பதிவுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1929இன் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காழி முறை சட்டபூர்வமாயிற்று. அதன் இடத்தில் 1951இன் 13ஆம் இலக்கச் சட்டம் 1954 ஆகஸ்ட் முதலாம் திகதி அமுலுக்கு வந்தது.

இச்சட்டத்தின் 16ஆம் பிரிவைக் கவனியுங்கள். பதிவு செய்த காரணத்தால் மட்டும் ஒரு நிகாஹ் செல்லுபடியாகாது. பதியாத காரணத்தால் மட்டும் செல்லாமலும் போகாது. அரசு தன் எல்லையில் நின்றுகொண்டது. ஆயினும் பதிவு செய்விக்கும் கடமையை மணமகன், வலீ, நிகாஹ்வை நடத்தி வைத்தவர் ஆகியோர் மீது அது சுமத்தியுள்ளது. "மார்க்கப்படி செல்லும்" என்பதைச் சாட்டாக வைத்து இக்கடமையைத் தட்டிக்கழிப்போர் அச்சட்டத்தின் பாதியை மட்டுமே வாசித்தவர்கள்.

கடனைக்கூட எழுதிவைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கின்றது. ஒரு பெண்ணின் வாழ்வு கடனிலும் இலேசானதா? கணவன் கைவிட்டால் தாபரிப்பும், மஹரும், கைக்கூலியும் கோரி அவள் காழியின் முன் நிற்க வேண்டும். காவின் இருந்தால் தொகை அதிலேயே இருக்கும். இல்லையேல், நிகாஹ் நடந்ததையே முதலில் நிரூபிக்க வேண்டும்; சாட்சிகளோ மரணித்திருக்கலாம், வெளிநாடு சென்றிருக்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவரும், 2004 டிசம்பரில் சுனாமியில் வீடிழந்த கிழக்கு மாகாணத்தவரும் கடதாசிகளைக் கைவிட்டே உயிர் தப்பினர். அரச பதிவில் பெயர் இருந்தவருக்குப் பிரதி பெற வழியிருந்தது. பள்ளிவாசலிலோ வீட்டிலோ மட்டும் எழுதி வைத்தவரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னுமொன்று. 1951இன் சட்டம் மணமகனிடமும் வலீயிடமும் பிரகடனம் கேட்டது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. சம்மதம் அவளுடையது, பதிவில் அவள் கைதான் இல்லை! நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்டு, 2018இல் அறிக்கை கையளித்த குழு ஆராய்ந்த விடயங்களுள் இதுவும் ஒன்று. சட்டம் எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நிகாஹ்வுக்கு முன் மகளின் சம்மதத்தை அவளது கையொப்பத்துடன் எழுத்தில் பெற்று வைத்திருக்க எந்த வலீக்கும் மார்க்கத்தில் தடையில்லை.