மணிப்பூரில் எச்.ஐ.வி.: ஊசியிலிருந்து இல்லத்திற்கு

மியான்மர் எல்லையை ஒட்டிய மணிப்பூரில் 1980களில் ஹெராயின் பரவியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விற்போரை மட்டுமன்றிப் பயன்படுத்துவோரையும் குற்றவாளிகளாக்கியது. சிறைக்கும் ஊராரின் பழிச்சொல்லுக்கும் அஞ்சிய இளைஞர்கள் மறைவிடங்களில் ஓர் ஊசியையே பலராகப் பகிர்ந்துகொண்டனர். 1989 செப்டம்பர் வரை அவர்களிடையே காணப்படாத எச்.ஐ.வி. தொற்று, அடுத்த ஆறு மாதங்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் கண்டறியப்பட்டது.

1996இல் மணிப்பூர் அரசு வகுத்த எய்ட்ஸ் கொள்கை, தண்டனைக்கு மாற்றாகத் தீங்குக் குறைப்பு அணுகுமுறையை ஏற்றது. தூய ஊசி வழங்கலும் ஆணுறைப் பயன்பாடும் அதன் கூறுகளாகும். எனினும், கண்காணிப்பின் மையமாக ஊசி பயன்படுத்திய ஆண்களே இருந்தனர்.

2000இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்றுற்ற இவ்வாண்களின் மனைவியர் 161 பேரைப் பரிசோதித்தது. ஊசிவழிப் போதைப்பொருளை அறியாத அப்பெண்களுள் 72 பேருக்குத் தொற்று இருந்தது. பால்வினை நோயுற்ற இணையரிடையே அபாயம் மிகுந்திருந்தது.

‘ஆபத்துக்குரிய குழு’ என்னும் வகைப்பாடு நோயின் தோற்றுவாயைச் சுட்டியது. அதன் செல்வழியைச் சுட்டவில்லை. போதைப்பொருள் பயன்பாட்டின் வரலாற்றை ஊசியோடு முடிப்பது, இப்பெண்களை வரலாற்றிலிருந்தே விலக்குவதாகும். பாலியல் நலமும் போதை மீட்பும் ஒரே சேவையாக இணைய வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.