சிரிக்கவைத்து விற்றவர்கள்

பொ.ஆ. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய பாம்பெய் நகரத்தின் சுவர்களில் தேர்தல் விளம்பரங்கள் எழுதப்பட்டிருந்தன. வாட்டியா என்ற வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்பவர்கள் யார் தெரியுமா? ஒரு சுவரில் சில்லறைத் திருடர்கள். இன்னொரு சுவரில், இரவு வெகுநேரம் குடிப்பவர்கள். எதிரணி செய்த குறும்பு இது என்பது ஆய்வாளர்கள் பலருடைய கணிப்பு. அடுத்தவரைக் கேலி செய்து ஓட்டைக் கெடுக்கும் வித்தை அவ்வளவு பழையது. தன்னையே கேலி செய்துகொண்டு சரக்கை விற்கலாம் என்ற எண்ணம் அதைவிட எவ்வளவோ துணிச்சலானது.

அந்தத் துணிச்சல் ஜப்பானில் ஒருவருக்கு இருந்தது. மூலிகை ஆராய்ச்சி, நாடகம், மின்பொறி என்று எதையும் விட்டுவைக்காத ஹிராகா கென்னாய், 1769-இல் இன்றைய டோக்கியோவான எடோவில் ஒரு பல்பொடிக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். பணமுடையால்தான் இந்த வியாபாரத்தில் இறங்கினோம் என்று கடைக்காரர் அதில் ஒப்புக்கொள்கிறார். பொடிக்குப் பல குணங்கள் உண்டாம்; அவை பலிக்குமா என்பது தனக்குச் சுத்தமாகத் தெரியாதாம்; எப்படியும் பல் துலக்குவதுதானே முக்கியம், மற்ற பலன்கள் கிட்டாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லையாம். பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை என்கிறார். விலை 72 மோன் காசு. சர்வரோக நிவாரணிகள் கூவி விற்கப்பட்ட காலத்தில் இப்படி எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

லண்டனில் வேறு பாதை. சவரக்கத்தி தீட்டும் வார் விற்ற ஜார்ஜ் பேக்வுட் பத்திரிகைகளில் விடுகதையும் வேடிக்கை உரையாடலுமாக விளம்பரம் கொடுத்தார். 1796-இல் அவற்றைத் தொகுத்துத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். அடுத்த தலைமுறையில் ஸ்ட்ராண்ட் தெரு 30-ஆம் எண்ணில் ஷூ பாலிஷ் விற்ற ராபர்ட் வாரனுக்காக, கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் ஒரு பூனையை வரைந்தார். பளபளக்கும் பூட்ஸில் தன் பிம்பத்தைப் பார்த்து, வேறு பூனை என்று மிரண்டு சீறுகிறது அது.

பெயர் வாங்கினால் நகல் வராமல் இருக்குமா? ஜோனத்தன் வாரன் என்பவர், அந்த பாலிஷைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று போட்டிக் கம்பெனி தொடங்கினார். அவருடைய முகவரி ‘30, ஹங்கர்ஃபோர்ட் ஸ்டேர்ஸ், ஸ்ட்ராண்ட்’. அதில் 30-ஐயும் ஸ்ட்ராண்டையும் கொட்டை எழுத்தில் போட்டு, நடுவில் இருந்ததைப் பொடி எழுத்தாக்கினார்கள். 1824-இல் இந்தப் போலிக் கம்பெனியில் பாலிஷ் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவன்தான் சார்லஸ் டிக்கன்ஸ்.

பியர்ஸ் சோப்புக்கு நகைச்சுவை வெளியிலிருந்து தானாக வந்தது. நடிகை லில்லி லாங்ட்ரி போன்ற பிரபலங்களிடம் நற்சான்று வாங்கிப் போடுவது அந்தக் கம்பெனியின் பாணி. 1884-இல் பஞ்ச் பத்திரிகையில் ஹாரி ஃபர்னிஸ் அதைக் கிண்டல் செய்தார். அழுக்கேறிய நாடோடி ஒருவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான்: இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் சோப்பைப் போட்டேன், அதற்குப் பிறகு வேறு சோப்பைத் தொட்டதே இல்லை. வேறொரு முதலாளி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருப்பார். பியர்ஸின் தாமஸ் பாரட் படத்தின் உரிமையை வாங்கி, அதையே விளம்பரமாக்கிவிட்டார். கென்னாயின் மனம் அவருக்கும் வாய்த்திருந்தது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தடை வந்தது. விளம்பர உலகின் பெரிய தலையான கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் எழுதிய நூலில், காசு செலவழிப்பது விளையாட்டுக் காரியமல்ல, அங்கே வேடிக்கைக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தார். இரண்டே வருடத்தில் மினசோட்டாவின் ஓடெல் குடும்பம், பர்மா-ஷேவ் என்ற தங்கள் சவர க்ரீமுக்காகச் சாலையோரம் சிறு பலகைகளை வரிசையாக நட்டது. பின்னாளில் அவற்றில் வேடிக்கைப் பாட்டுகள் வந்தன. கார் நகர நகரப் பாட்டின் அடுத்த வரி வரும். கடைசிப் பலகையில் க்ரீமின் பெயர். 900 காலி ஜாடி கொண்டுவந்தால் செவ்வாய்க் கிரகப் பயணம் இலவசம் என்று ஒரு பாட்டு சொன்னது. மளிகைக்கடை மேலாளர் ஒருவர் 1950-களின் இறுதியில் உண்மையாகவே 900 ஜாடிகளைச் சேர்த்துவிட்டார். கம்பெனி பின்வாங்கவில்லை. அந்தக் கிரகத்தின் ஆங்கிலப் பெயரான மார்ஸை நினைவூட்டும் மோர்ஸ் என்ற ஜெர்மன் ஊருக்கு அவரை அனுப்பிவைத்தது.

அதே ஜெர்மனியிலிருந்து எதிர்த்திசையில் ஒரு கார் அமெரிக்காவுக்குப் போயிருந்தது. ஃபோக்ஸ்வேகன், ஹிட்லர் ஆட்சியில் பிறந்த வண்டி. 1959-இல் அதன் விளம்பரத்தை ஏற்றது, யூதரான பில் பெர்ன்பாக் நடத்திய நியூயார்க் நிறுவனம். நீளமான, பகட்டான கார்களுக்கு நடுவே, ‘சிறியதாக யோசியுங்கள்’ என்றது ஒரு விளம்பரம். அடுத்த வருடம் வந்ததோ, கார் படத்துக்குக் கீழே ‘எலுமிச்சை’ என்ற ஒரே சொல். அமெரிக்கர்கள் ஓட்டை வண்டியை அப்படித்தான் திட்டுவார்கள். உள்ளே ஒரு குரோமியப் பட்டையில் சின்னக் குறை இருந்ததற்காக இந்தக் காரை ஒதுக்கிவிட்டோம் என்று கீழே விளக்கம். எடோ பல்பொடிக்காரரின் உத்தி, ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து, யாரும் கொண்டுபோகாமலே நியூயார்க்கில் முளைத்திருந்தது.

நம் ஊர்ப் போஸ்டர்களில் பார்க்கும் புள்ளிச்சட்டைச் சிறுமியும் ஒரு போட்டியில் பிறந்தவள்தான். போல்சன் வெண்ணெய்க்கு ஒரு சிறுமிச் சின்னம் இருந்தது. அதற்கு எதிராக 1966-இல் பம்பாயில் விளம்பரக்காரர் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் அமுல் சிறுமியை உருவாக்கினார்கள். அன்றாடச் செய்திகளை வைத்து அவள் பேசத் தொடங்கினாள். செய்தி ஆறிவிட்டால் ஜோக்கும் ஆறிவிடும். அதனால் ஒவ்வொரு விளம்பரத்தையும் தன்னிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டாம் என்று அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் சொல்லிவிட்டார். விளம்பர வரலாற்றில் விளம்பரம் கொடுப்பவர் ஒருவர் தந்த சுதந்திரங்களில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-இல், கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைகளை நாடே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அமுல் சிறுமி நர்ஸ் உடையில், வெண்ணெய்த் தட்டுடன் பம்பாய்த் தெருக்களில் வந்து நின்றாள். கட்டாய ஸ்டெரிலைசேஷனை நாங்கள் எப்போதுமே கடைப்பிடித்து வருகிறோம் என்றது பக்கத்தில் இருந்த வாசகம்; கருத்தடை, கிருமிநீக்கம் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.