கரடிக் காடுகளும் மாதவிடாய் அச்சமும்

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில், 1967 ஆகஸ்ட் 13 அன்று ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில் முகாமிட்டிருந்த 19 வயதுப் பெண்கள் இருவரைக் கிரிசிலி கரடிகள் கொன்றன. 1910 இல் தொடங்கப்பட்ட அப்பூங்காவில் கிரிசிலி தாக்கி மனித உயிர் போனது அதுவே முதல் முறை.

மாதவிடாய்க் குருதியின் மணம் கரடிகளை ஈர்த்திருக்கலாம் என்ற ஊகம் எழுந்தது. பின்னாளில், அந்நாட்களில் கரடிக் காடுகளைத் தவிர்க்குமாறு பெண்களுக்கு அறிவுறுத்தும் அரசுத் துண்டறிக்கையும் வெளிவந்தது. ஆனால் அக்கரடிகள் மனிதரின் உணவுக்கும் குப்பைக்கும் பழகி அச்சம் இழந்திருந்தவை. கிரானைட் பார்க் விடுதியருகே கொட்டப்பட்ட எச்சிலுணவை அவை தின்பதைப் பயணிகள் வேடிக்கை பார்ப்பது வழக்கமாகவே இருந்தது. குப்பை கொட்டியவர்களை விட்டுவிட்டுப் பழி பெண்ணுடலின் மேல் விழுந்தது.

1991 இல் வெளியான மினசோட்டா ஆய்வில், கருங்கரடிகள் மாதவிடாய்க் குருதியைப் பொருட்படுத்தவில்லை எனத் தெரிந்தது. துருவக் கரடிகள் மட்டும், முந்தைய ஆய்வொன்றில், பயன்படுத்திய பஞ்சுகளை நாடின. யெலோசுடோன் பூங்காவின் தாக்குதல் பதிவுகளை ஆராய்ந்தபோதும் மாதவிடாய்த் தொடர்பு தென்படவில்லை.

இன்று அங்கு மலையேறும் பெண்களை யாரும் தடுப்பதில்லை. பயன்படுத்திய பஞ்சு, அணையாடைகளைப் புதைத்தால் விலங்குகள் தோண்டிவிடும். எனவே அவற்றைக் காற்றுப்புகாத நெகிழிப் பைக்குள் மூடி, இரவில் உணவுப் பொருள்களோடு கரடிக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, திரும்பும்போது உடன் எடுத்துவர வேண்டும் என்பதே அறிவுரை.